1,70,000 கி.மீ. ஓடிய காரின் சஸ்பென்ஷன் மேம்பாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 14 வருடம் ஓடிய, முன்சக்கரம் இழுக்கும் ஒரு சிறிய ஹேட்ச்பேக். மீட்டரில் 1,70,000 கி.மீ. முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைத்து, முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்). சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான் என்பதால், கீழே வருவதில் பாதிக்கு மேல் வேறு வண்டிகளுக்கும் பொருந்தும்.

உரிமையாளர் தினமும் சுமார் 50 கி.மீ. ஓட்டுபவர். பாதி தூரம் நெரிசலான நகரச் சாலை, மீதி வேகமாகப் போகும் நெடுஞ்சாலை. எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருந்ததால் வண்டியை மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் கம்பெனியில் போட்டு வந்தவை, ஒரு முறைகூட மாற்றப்படவில்லை.

அவருடைய குறை ஒரே வாக்கியம்: "எண்பதுக்கு மேல போனா வண்டி மிதக்குது." தீர்வையும் அவரே முடிவு செய்து வந்திருந்தார். வண்டியை 40 மி.மீ. தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங்குகளை, இருக்கிற ஷாக்குகளோடு மாட்ட வேண்டும். முடிந்தால் புஷ்களையெல்லாம் (இணைப்புகளில் அதிர்வை உறிஞ்சும் ரப்பர் உறைகள்) ரப்பரைவிட விறைப்பான பாலியூரித்தேனில் போட வேண்டும். வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதே அவர் விருப்பம். வேலையை எடுத்துக்கொண்டவர் சஸ்பென்ஷன் வேலையில் பழுத்த ஒரு மெக்கானிக். எதை மாற்றுவது, எதை விடுவது என்ற பேச்சிலும் பிறகு ஓட்டிப் பார்த்ததிலும் நான் உடன் இருந்தேன்.

ஓட்டிப் பார்த்தபோது

லிஃப்டில் ஏற்றும் முன் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். மேடு பள்ளமாக அலையலையாகப் போகும் சாலையில் முன்பக்கம் ஒரு முறை எழுந்து அடங்குவதற்குப் பதிலாக, அடங்கி மறுபடி எழுந்தது. லேன் மாறும்போது ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்பியதற்கும் இடையே சிறு தாமதம். முன்பக்கம் சாய்ந்து முடித்த பிறகே பின்பக்கம் வந்து சேர்ந்தது. கிளம்பிய புதிதில் இதெல்லாம் குறைவாகவும், கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அதிகமாகவும் இருந்தது. இந்த ஒரு தகவலே ஷாக்கின் நிலையைச் சொல்லிவிடும். கேஸ் அழுத்தம் போன ஷாக்கில் தொடர்ந்து வேலை நடக்கும்போது எண்ணெய் நுரைக்கும்; நுரைத்த எண்ணெய் வால்வைத் தடையில்லாமல் கடந்துவிடும்.

இவை தவிர மூன்று விஷயங்கள் தென்பட்டன. சிறு குழிகளில் மெதுவாகப் போனால் முன்பக்கம் "டொக் டொக்" என்ற சத்தம். பிரேக்கை அழுத்தினால் வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. குறைந்த வேகத்தில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரத் தயங்கியது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் பவர் ஸ்டியரிங் கோளாறு என்று நினைத்து அங்கே செலவழிப்பார்கள். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் இறுகிப்போனாலும் இப்படித்தான் நடக்கும்.

திரும்பி வந்ததும் உரிமையாளர் பானெட்டின் மூலையை அமுக்கி விட்டுக் காட்டினார். வண்டி ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டது. "பாருங்கண்ணே, ஷாக் நல்லாத்தானே இருக்கு?" என்றார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "கையால அமுக்குனா எல்லா ஷாக்கும் பாஸ்தான் தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. கையால் அமுக்கும்போது பிஸ்டன் மெதுவாகத்தான் நகர்கிறது. சாலையில் ஒரு குழியின் விளிம்பில் மோதும்போது அது பல மடங்கு வேகமாக நகர வேண்டியிருக்கும். அதோடு, மக்பர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரத்தின் பக்கவாட்டு விசையையும் ஷாக்கின் பிஸ்டன் கம்பியே தாங்குவதால் உராய்வு அதிகம். கைச்சோதனையில் அந்த உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும். அமுக்கிப் பார்த்து வண்டி துள்ளினால் ஷாக் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். துள்ளாவிட்டால் எதையும் சொல்ல முடியாது.

லிஃப்டில் ஏற்றியபோது

இடது முன் ஸ்ட்ரட்டின் சீலிலிருந்து கீழே பாதி உடம்பு வரை எண்ணெய் வழிந்து, அதன் மேல் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. வலது பக்கம் ஈரம் மட்டும். டஸ்ட் கவர் கிழிந்து தொங்கியது. உள்ளே இருக்க வேண்டிய, ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் நுரை ரப்பர் பொடிப்பொடியாகி உதிர்ந்துவிட்டது. பெரிய குழிகளில் கேட்ட "டம்" என்ற சத்தம் உலோகம் உலோகத்தில் மோதியது என்பது அப்போதுதான் புரிந்தது.

சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் இடது பக்கம் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. நெம்புகோல் வைத்துத் தள்ளினால் ஆர்ம் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் போய் வந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசையை ஏற்க வேண்டியது இந்த புஷ்தான். ஒரு பக்கம் மட்டும் அது நெகிழ்ந்து கொடுத்தால் அந்தச் சக்கரத்தின் கோணம் மாறும், வண்டி இழுக்கும். "டொக் டொக்" சத்தம் ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடுகளிலிருந்து வந்தது, இரண்டிலும் ஆட்டம். லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்டுகள் இறுக்கமாக இருந்தன. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனையான டை ராட் எண்டில், இடது பக்கம் மிகச் சிறிய ஆட்டம் இருந்தது, மாற்றலாமா விடலாமா என்று யோசிக்க வைக்கும் அளவுக்கு.

ஸ்பிரிங்குகள் உடையவில்லை. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்ததில் இடமும் வலமும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போயின. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி டயர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர்கள் இரண்டும் 7 வருடப் பழசு. டிரெட் ஆழம் இன்னும் பாக்கி இருந்தாலும் ரப்பர் இறுகி, பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. பின் டயர்களில் கையை ஓட்டினால் கிண்ணம் கிண்ணமாகக் குழி தட்டுப்பட்டது. ஷாக் பிடிக்காமல் சக்கரம் தரையில் துள்ளித் துள்ளி ஓடினால் டயர் இப்படித்தான் தேயும்.

முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர் கேட்ட தாழ்த்தும் ஸ்பிரிங் முதலில் நிராகரிக்கப்பட்டது. இதற்கு நிறைய நேரம் வாதாட வேண்டியிருந்தது, ஏனென்றால் "தாழ்வான வண்டி வளைவில் நன்றாகப் போகும்" என்பது எல்லோர் மனத்திலும் ஊறியிருக்கிறது. பந்தயக் காரைப் பொறுத்தவரை அது உண்மை. அங்கே சஸ்பென்ஷன் முழுவதுமே அந்த உயரத்துக்காக வரையப்பட்டது. சாதாரண மக்பர்சன் ஸ்ட்ரட் வண்டியை 40 மி.மீ. இறக்கினால், தரைக்கு ஏறக்குறைய இணையாக இருந்த லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். எடை மையம் இறங்கியும் நெம்புகோல் நீண்டுபோகிறது. புதிய ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி, இப்படிக் கெட்டதைச் சரிக்கட்டவே செலவாகும்.

அடுத்தது பயண தூரம். சக்கரம் மேலே போக இருக்கும் இடத்தில் பெரும்பகுதியை 40 மி.மீ. தின்றுவிடும். வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் விறைப்பு சட்டென்று பல மடங்கு ஏறி, முன்டயர் பிடிப்பை விட்டு வண்டி வளைவின் வெளிப்பக்கம் வழுக்கும். உதிர்ந்துபோன பம்ப் ஸ்டாப்பையும் செத்த ஷாக்கையும் வைத்துக்கொண்டு இதைச் செய்வது ஆபத்து என்று மெக்கானிக் வெளிப்படையாகவே மறுத்துவிட்டார்.

பாலியூரித்தேன் புஷ் பற்றி எனக்கும் மெக்கானிக்குக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது. ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ்களில் அதைப் போடலாம் என்பது என் எண்ணம். கிரீஸ் காய்ந்ததும் அது கீச்சிடும், தினசரி வண்டிக்கு வேண்டாம் என்பது அவருடையது. லோயர் ஆர்ம் பின் புஷ்ஷில் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அந்த புஷ் முன்பின் திசையில் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. அந்த நெகிழ்வுதான் குழியின் அடியை உடம்புக்குள் ஏறாமல் உறிஞ்சுகிறது. கடைசியில் எல்லா இடத்திலும் அசல் தரத்து ரப்பரே முடிவானது.

தடித்த முன் ஸ்டெபிலைசர் பார் பேச்சும் வந்தது. அதன் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினாலே 46 சதவீதம் கூடிவிடும். வண்டியின் சாய்வு குறையும், அது நிஜம். ஆனால் முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வளைவின் பளுவில் பெரும்பகுதி ஏற்கனவே வெளிப்பக்க முன்டயர் மேல்தான் விழுகிறது. அதன் தலையில் இன்னும் சுமையை ஏற்றினால் வண்டி திரும்ப மறுப்பது அதிகமாகும். எனவே அது இல்லை.

ஷாக்கில்தான் உண்மையான மேம்பாடு செய்யப்பட்டது. அசல் தரம், அதைவிடக் கொஞ்சம் இறுக்கமான கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் ரகம், உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) ஆகிய மூன்றில் நடுவில் உள்ளது தேர்வானது, அசல் ஸ்பிரிங்குகளோடு. இதைவிட இறுக்கமான ஷாக்கை மென்மையான அசல் ஸ்பிரிங்கோடு சேர்த்தால் வேறு சிக்கல் வரும். தொடர்ச்சியான குழிகளில் ஸ்பிரிங் சக்கரத்தைத் திரும்பக் கீழே தள்ளுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். வண்டி படிப்படியாகக் குனிந்துகொண்டே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் ஓடும்.

கூடவே ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், லோயர் ஆர்ம் புஷ்கள், லிங்க் ராடுகள், ஒரே மாதிரியான நான்கு டயர்கள் என்று பட்டியல் முடிந்தது. இடது டை ராட் எண்டை மட்டும் "இன்னும் ஓடும்" என்று விட்டார்கள்.

வேலை நடந்த விதம்

பெரும்பாலும் வழக்கமான வேலைதான். சொல்ல வேண்டிய சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பழைய பின் ஷாக்குகளில் எண்ணெய்க் கசிவே இல்லை. கழற்றிக் கையால் அமுக்கியபோது நடுவில் ஒரு பகுதி எந்தத் தடையும் இல்லாமல் போய் வந்தது. கசிவு இல்லை என்பதற்காக அவற்றை விட்டிருந்தால், புதிய முன்பக்கமும் செத்த பின்பக்கமுமாக வண்டி இன்னும் மோசமாகியிருக்கும். ஒரு பின் ஷாக்கின் கீழ் போல்ட் உள் ஸ்லீவோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்ததால் அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று.

படுக்க வைத்த நிலையில் வந்த புதிய இரட்டைக் குழாய் ஷாக்குகளை நிமிர்த்தி, சில முறை முழுமையாக அமுக்கி விட்டு, உள் குழாய்க்குள் புகுந்த கேஸை அங்கிருந்து வெளியேற்றிய பிறகே மாட்டினார்கள். ஸ்ட்ரட்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கவில்லை. கன் அடித்தால் கம்பியும் சேர்ந்து சுழலும், அது சீலுக்கு நல்லதல்ல. கம்பியை அலென் கீயால் பிடித்துக்கொண்டு கை ஸ்பேனரால் இறுக்கினார்கள். கம்பியின் பளபளப்பான பகுதியில் பிளையரைப் போடக்கூடாது என்று மெக்கானிக் தன் பையனிடம் கத்தியதும் நினைவிருக்கிறது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் அதுவே சீலை அறுத்துவிடும். கழற்றிய செல்ஃப் லாக் நட்டுகள் (தானாகத் தளராத நட்டுகள்) எதுவும் திரும்பப் போடப்படவில்லை.

இந்த வேலையில் மிக முக்கியமாக நான் கருதுவது லோயர் ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிய முறையை. இந்த ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் ஸ்லீவும் வெளி ஸ்லீவும் ரப்பரோடு ஒட்டியிருப்பதால் அது முறுக்கிக்கொடுத்துத்தான் வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலைதான் அந்த ரப்பருக்கு முறுக்கற்ற நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இது ஒரு பொதுவான காரணம், பழி மட்டும் பாகத்தின் தரத்தின் மேல் விழும். எனவே எல்லா புஷ் போல்ட்டுகளும் முதலில் தளர்வாகவே விடப்பட்டன. வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்கப்பட்டன.

டயர் மாற்றிய பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல். மொத்த டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) 3 மி.மீ. வெளிப்பக்கம் இருந்தது, கையேடு சொன்ன அளவுக்கு உள்பக்கம் 1 மி.மீ. ஆக்கினார்கள். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) இடமும் வலமும் அரை டிகிரி வித்தியாசமாக இருந்தது. இந்த வண்டியில் கேம்பருக்குத் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. லோயர் ஆர்ம்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதன் துளைகளில் இருந்த இடைவெளிக்குள் மையத்துக்கு நகர்த்தி இறுக்கியதில் வித்தியாசம் பெருமளவு குறைந்தது.

அதன் பிறகு நடந்தவை

மிதப்பு உடனே போய்விட்டது. மேட்டில் ஏறினால் வண்டி ஒரு முறை எழுந்து அடங்கியது. பிரேக்கில் இழுப்பு இல்லை. திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது. லேன் மாறும்போது முன்னும் பின்னும் ஒன்றாகவே திரும்பின.

ஆனாலும் உரிமையாளருக்கு முழுத் திருப்தி இல்லை. நகரச் சாலையில் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் முதுகில் தெரிகிறது என்றார். ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் டயர் காற்றைப் பார்த்தோம். டயர் மாட்டிய இடத்தில் நான்கிலும் 38 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பியிருந்தார்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருந்தது முன்னால் 32, பின்னால் 30. வண்டி ஆறியிருந்தபோது அந்த அளவுக்கு இறக்கியதும் புகாரில் பெரும்பகுதி போயிற்று. மீதி இருந்தது இறுக்கமான ஷாக்கின் குணம். குறைந்த வேகத்தில் சிறு அதிர்வுகள் முன்பைவிடக் கொஞ்சம் தெரியும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம் ஒரு புதிய சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடது பக்கம் "டிங்" என்றது. ஸ்பிரிங்கின் அடி முனை தட்டில் உள்ள தடுப்பில் சரியாக உட்காராமல் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றிருந்தது. ஸ்ட்ரட்டைத் திரும்ப இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் போட்டு, முனையைச் சரியான இடத்தில் உட்கார வைத்ததும் நின்றது.

விட்டுவைத்த டை ராட் எண்ட் சில மாதங்களில் ஆட்டம் கண்டது. இவ்வளவு நாளும் தளர்ந்த புஷ்களும் இறுகிய டயரும் அதன் ஆட்டத்தை மறைத்திருந்தன. சுற்றியுள்ளவை எல்லாம் இறுக்கமானதும் நேராகப் போகும்போது ஸ்டியரிங்கின் நடுவில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. மாற்றினார்கள். டை ராட் எண்டை மாற்றினால் டோ மாறும் என்பதால் அலைன்மென்ட்டையும் திரும்பச் செய்ய வேண்டிவந்தது.

10,000 கி.மீ. கடந்த பிறகு முன் டயர்களின் ஆழத்தை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று அளந்தோம். மூன்றுக்கும் இடையே அரை மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. பின் டயர்களில் கிண்ணத் தேய்மானம் மறுபடி தோன்றவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கழற்றும் முன்பே அலைன்மென்ட் அளவை எடுத்து வைத்திருக்க வேண்டும். முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்தது கிழிந்த புஷ்ஷாலா, முன்பு யாரோ தவறாக வைத்த டோவாலா என்பதை இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

எல்லைக்கோட்டில் இருக்கும் டை ராட் எண்டை அலைன்மென்ட்டுக்கு முன் மாற்றிவிடுவதே லாபம். அது சிறிய பாகம். அதைத் தள்ளிப்போட்டதால் போன நேரம் அதன் விலையைவிடப் பெரிது.

டயரையும் காற்றழுத்தத்தையும் முதலில் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு மற்றவற்றைத் தொட்டிருந்தால், எது எவ்வளவு பலன் தந்தது என்று தெளிவாகத் தெரிந்திருக்கும். மெக்கானிக் இதை ஏற்கவில்லை. அலைன்மென்ட் கெட்ட வண்டியில் புது டயரை ஒரு வாரம்கூட ஓட விடமாட்டேன் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காற்றழுத்தத்தை மட்டும் முதலிலேயே சரிசெய்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கு டயரே மாற்ற வேண்டியதில்லை.

உரிமையாளர் தாழ்த்தும் ஸ்பிரிங்கை இன்னும் முழுதாக மறக்கவில்லை. 15 மி.மீ. மட்டும் இறக்கி, அதற்குப் பொருத்தமான விறைப்போடு போடலாமா என்று கேட்டிருக்கிறார். புதிய ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும் இருக்கும் நிலையில் அது பேசிப் பார்க்கக்கூடிய கேள்வி. அதற்கு முன் பின் பீம் புஷ்களில் இருக்கும் மேல்வெடிப்பு ஆழமாகிறதா என்பதை அடுத்த சர்வீஸில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வதாக மெக்கானிக் கூறியிருக்கிறார்.